பொடியில் விழுந்த காலடிகள்

1968ஆம் வருடம் டிசம்பர் மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை. அரையாண்டுத் தேர்வு தொடங்கிய நாள். முதல் தேர்வு தமிழ். எனக்கு அப்போது பத்து வயது. நாள்குறிப்பு எழுதும் பழக்கம் பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு வந்தது. ஆனாலும் இந்த ஒரு நாளை நினைவில் வைத்திருக்கக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அன்றும் எங்கள் வீட்டில் எல்லாம் வழக்கப்படியே நடந்தது. அம்மா விடியற்காலையில் அடுப்பு மூட்டி, டீ போட்டுத் தூக்குவாளியில் ஊற்றினாள். பக்கத்து வீட்டிலிருந்து அக்கா வந்தாள். அக்கா என்றால் பெரியப்பாவின் மகள்; என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தூக்குவாளியைப் பாதி தூரம் அவள் சுமப்பாள், மீதியை நான் சுமப்பேன். தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்குப் போய் டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி, குளித்து, ஒன்றாகவே பள்ளிக்கூடம் போவோம். சாயங்காலம் ஒரே அரிக்கேன் விளக்கில் படிப்போம். அவள் வீட்டில் விளக்கு இல்லாமல் இல்லை. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குப் படிப்பு ஏறாது, அவ்வளவுதான்.

அந்த ஷெட் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவானது. விருத்தாசலத்தில் அன்று பீங்கான் வேலை செய்யாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஷெட்டில் பொம்மை செய்தார்கள். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, காயவைத்து, சாயம் தீட்டி, சூளைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பொம்மைகளில் ஊர் ஊராகப் போனது பசுவும் கன்றும். கன்று பால் குடிக்கும், பசு திரும்பி அதை நக்கும். அதன் மாதிரியைக் கையால் செதுக்கியவர் பெரியப்பா. அதைப் பிளாஸ்டரில் பதித்துத் தாய் அச்சு எடுத்தவர் அப்பா. அதிலிருந்து எடுத்த அச்சுகளில்தான் தினமும் ஊற்றுவார்கள்; அவை சில மாதங்களில் தேய்ந்து போகும். தாய் அச்சு இருந்தால்தான் புதிது எடுக்க முடியும். பூசணிக்காய் அளவில், இரண்டு பாதிகளாக, ரப்பர் பட்டை போட்டுக் கட்டி, ஷெட்டின் கோடியில் ஒரு மரப்பலகை மேல் அது இருந்தது.

மங்கலம்பேட்டையிலிருந்து பொம்மை வாங்க வரும் பாய் ஒருநாள், "இது யாரு கை வேலைங்க?" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அன்று தொடங்கியது சண்டை. தனக்குத் தெரியாமல் தாய் அச்சுக்கு நகல் எடுத்துக்கொண்டு அண்ணன் வேறு ஷெட் பார்த்துவிடுவார் என்று அப்பா பயந்தார். பெரியப்பாவுக்குத் தம்பிமேல் அதே பயம்.

சமாதானம் ஆகாமல் இல்லை. ஆடி மாதம் ஒன்று ஆயிற்று. களிமண் கலக்கும் தொட்டியை யார் கழுவுவது என்பதில் அது முறிந்தது. விநாயகர் சதுர்த்தி அன்று காலையில் ஒன்று ஆயிற்று. கொழுக்கட்டை ஆறுவதற்குள் முடிந்தும் போயிற்று. முறித்தது யார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒரு பதிலும் பெரியப்பா வீட்டில் ஒரு பதிலும் இருந்தன. நானும் அக்காவும் இரண்டு பதில்களையும் மனப்பாடமாக ஒப்பிப்போம்.

மூன்றாவது சமாதானத்தைச் செய்துவைத்தவர் சித்தப்பா. அவர் பட்டாளத்தில் இருந்தவர். உலக நாடுகள் சேர்ந்து அனுப்பிய சமாதானப் படையோடு காசாவுக்குப் போய், அரபு மக்களுக்கும் யூதர்களுக்கும் நடுவே இருந்த போர்நிறுத்தக் கோட்டில் காவல் நின்றவர். அறுபத்தேழில் அங்கே போர் மூண்டபோது அவருடன் இருந்தவர்கள் சிலர் திரும்பவில்லை. அவர் திரும்பினார். அடுத்த வருடமே பட்டாளத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ஒரு பெரிய பீங்கான் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாகச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் தங்கியிருந்தார்.

டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்வார்கள். "ரெண்டு நாட்டுக்கு நடுவுல நின்னவரு, ரெண்டு அண்ணனுங்களுக்கு நடுவுல நிக்க மாட்டாரா?" அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

காசாவில் நடந்த கதையைச் சொல்லும்படி நாங்கள் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறோம். கதை வராது, ஒரு வித்தைதான் வரும். சலித்த களிமண் பொடியைப் பின்கட்டில் தூவிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். நாங்கள் நடக்க வேண்டும். பிறகு அவர் குந்தி உட்கார்ந்து தடத்தைப் பார்த்து, யார் நடந்தது, நின்றாளா, ஓடினாளா என்று சொல்வார். ஒருமுறை அக்கா என்னை முதுகில் சுமந்து நடந்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடந்தது ஒரு ஆளு. போனது ரெண்டு ஆளு" என்றார். சுமையோடு நடப்பவருக்குக் குதிகால் ஆழமாகப் பதியும் என்று பிறகு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கோடை விடுமுறை முழுவதும் எங்களுக்கு இதே விளையாட்டு. பெரியவர்களும் நின்று பார்த்தார்கள். பெரியப்பாவின் வலது கால் கட்டைவிரல் விலகி நிற்பதும், அப்பா இடது காலைச் சற்று இழுத்து வைப்பதும் அப்போதுதான் குடும்பம் முழுவதற்கும் தெரிய வந்தன.

ஆயுத பூஜையன்று, தாய் அச்சுக்குச் சந்தனம் வைத்தபோது, சித்தப்பா இரண்டு அண்ணன்களையும் உட்காரவைத்துப் பேசினார். பகலில் எல்லாரும் சேர்ந்து வேலை செய்வது. சாயங்காலச் சங்கு ஊதிய பிறகு யாரும் ஷெட்டுக்குள் போகக் கூடாது. தாய் அச்சு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பொங்கலுக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அத்தை வருவாள். மூவருக்கும் மூத்தவள் அவள். அவள் சொல்வதற்கு இருவரும் கட்டுப்பட வேண்டும். இருவரும் கற்பூரத்தின் முன் தலையாட்டினார்கள். ஷெட் உடைந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எழும்பும் என்று அம்மா சொல்லியிருந்தாள். சுவர் எழும்பினால் ஒரே விளக்கில் படிக்க முடியாது. ஆகையால் நானும் அக்காவும்கூடக் கற்பூரத்தின் முன் பலமாகத் தலையாட்டினோம்.

ஷெட்டுக்கு முன்பக்கம்தான் கதவு. பின்பக்கம் காயவைக்கும் களம். அங்கே வெறும் மூங்கில் தட்டிதான். நினைத்தவர் விலக்கிக்கொண்டு உள்ளே போகலாம். ஆனாலும் அந்தச் சமாதானம் நிலைத்தது. சித்தப்பா இரவுக் காவல் முடிந்ததும் விடியற்காலையில் நேரே ஷெட்டுக்குப் போவார். விளக்குமாற்றை எடுத்து, தரையில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைக் கதவிலிருந்து பலகை வரை ஒருமுறை, தட்டியிலிருந்து பலகை வரை ஒருமுறை பெருக்குவார். யாரும் சொல்லாமல் அவராகவே எடுத்துக்கொண்ட வேலை அது. நாங்கள் டீயோடு போகும்போது தரை சுத்தமாக இருக்கும். அப்பாவும் பெரியப்பாவும் வந்து அந்தத் தரையைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு வேலை தொடங்கும். கார்த்திகை பிறந்தபோது அவர்கள் மறுபடி பேசிக்கொள்ளவே ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் பெரியப்பா தன் வெற்றிலைப் பெட்டியை அப்பாவின் பக்கம் தள்ளியதை நான் பார்த்தேன்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாள் சித்தப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தார். பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம், அத்தையை இப்போதே அழைத்து வந்துவிடலாம் என்று திடீரென அவருக்குத் தோன்றியது ஏன் என்று அம்மாவுக்கே புரியவில்லை. "நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்குது?" என்றாள். "அதான் அண்ணி, நல்லா இருக்கும்போதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். இரவு அங்கேயே தங்கிவிட்டார்.

ஆகவே அன்று காலை ஷெட்டை யாரும் பெருக்கவில்லை.

நாங்கள் போனபோது அப்பா கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றிருந்தார். மார்கழி நெருங்கும் ஈரக் காற்று. முதல் நாள் களிமண்ணைப் பொடியாக அரைத்ததால் தரையில் பொடி மெத்தென்று படிந்திருந்தது. தட்டியின் பக்கத்திலிருந்து பலகைவரை ஒரு தடம் போயிருந்தது. அதே வழியில் திரும்பியிருந்தது. கட்டைவிரல் விலகிய தடம். அக்கா அதைப் பார்த்தாள். தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

பெரியப்பா வந்தார். அப்பா சத்தம் போடவில்லை. "ராத்திரி உள்ள வந்திருக்கீங்கண்ணே" என்றார்.

பெரியப்பா தரையைப் பார்த்தார். மறைக்கவில்லை. "வந்தேன். அச்சு இருக்குதான்னு பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டுப் போயிட்டேன்." சொல்லிக்கொண்டே அவர் கண்கள் தரையில் நகர்ந்து ஓர் இடத்தில் நின்றன. கதவுப் பக்கத்திலிருந்தும் ஒரு தடம் பலகைவரை போய்த் திரும்பியிருந்தது. இடது காலை இழுத்து வைத்த தடம். "அது யாரு காலு?" என்று கேட்டார்.

கதவின் சாவி அப்பாவிடம்தான் இருந்தது. "நானும் பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

"நீ பாக்க வந்தா பாக்குறது. நான் பாக்க வந்தா திருட்டா?"

தாய் அச்சு பலகையில் அப்படியே இருந்தது. ரப்பர் பட்டைகூட அவிழவில்லை. எங்கள் விளையாட்டின்படி பார்த்தால் போன தடத்துக்கும் திரும்பிய தடத்துக்கும் ஆழத்தில் வித்தியாசம் இல்லை. இருவருமே வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடுதான் போயிருக்கிறார்கள். எனக்கும் அக்காவுக்கும் தெரிந்த இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும். ஆனால் அன்று தடத்தைப் பார்த்தார்களே தவிர, அதன் ஆழத்தை யாரும் பார்க்கவில்லை. என்னென்னவோ பேசினார்கள். கொழுக்கட்டை நாள் வந்தது, தொட்டி வந்தது, அதற்கும் முன்னால் நடந்த கல்யாணங்கள் வந்தன.

எட்டரை மணி பஸ்ஸில் இறங்கி சித்தப்பாவும் அத்தையும் நேரே அங்கே வந்தார்கள். சித்தப்பா கதவருகில் நின்றார். முதலில் அவர் பார்த்தது அண்ணன்களை அல்ல, தரையை.

பெரியப்பா கேட்டார்: "தெனமும் பெருக்கினியே. ஒருநாளும் காலடி பாக்கலியா?"

"பாத்தேன்."

"யாருது?"

"ரெண்டு பேருதும்தான்."

"என்னைக்கு?"

"அனேகமா எல்லா நாளும்."

ஆயுத பூஜையிலிருந்து அன்றுவரை நடந்தது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. அப்பா ராத்திரி இருட்டில், தரை தெரியாமல், போய்ப் பார்த்துவிட்டு வருவார். காலையில் தரை சுத்தமாக இருக்கும். தன் தடம் யாருக்கும் தெரியவில்லை, அண்ணன் வரவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். பெரியப்பாவும் அப்படியே. இருவரும் தினமும் வாக்கை மீறிக்கொண்டு, மற்றவர் மீறவில்லை என்று நம்பி, அந்த நம்பிக்கையில்தான் வெற்றிலைப் பெட்டியை நகர்த்தினார்கள். மூன்றாவது சமாதானம் முழுவதும் ஒரு விளக்குமாற்றில் நின்றிருந்தது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவன் பக்கம் சாய்ந்துவிட்டாய் என்று பெரியப்பா சொன்னார். அவர் பக்கம் சாய்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். சித்தப்பாவை நம்பியது தப்பு என்பது ஒன்றுதான் அன்று அண்ணனும் தம்பியும் ஒத்துக்கொண்ட விஷயம்.  சித்தப்பா பயணப் பையைத் தரையில் வைக்கவே இல்லை.

அத்தை, கவிழ்த்துவைத்த மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "பொங்கலுக்கு வரச் சொன்னீங்க. இவன் முன்னாடியே கூட்டியாந்தான். நான் சீக்கிரம் வந்துட்டேனா, லேட்டா வந்துட்டேனான்னு தெரியலியேடா" என்றாள்.

பெரியப்பா பலகைக்குப் போய் ரப்பர் பட்டையை அவிழ்த்தார். கன்று இருக்கும் பாதியை இரண்டு கைகளாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அப்பா மற்றப் பாதியை எடுத்துக்கொண்டார். இரண்டு பாதியும் சேராமல் அந்த அச்சில் ஒரு காதைக்கூட வார்க்க முடியாது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அப்படியே வெளியே போனார்கள், ஒருவர் கதவு வழியாகவும் ஒருவர் தட்டி வழியாகவும்.

நான் பத்து மணிக்குத் தமிழ்த் தேர்வு எழுதினேன். அக்கா முன்னாலேயே தனியாகப் போய்விட்டிருந்தாள்.

சாயங்காலம், வியாழக்கிழமை கொத்தனார் வருவதாக முடிவாயிற்று. ஷெட்டுக்கு ஒரு சுவர், வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர். விளக்கு ஏற்றும் நேரத்தில் அக்கா வந்தாள். என் எதிரில் உட்காராமல், மாடத்தில் இருந்த தன் மைப்புட்டியையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டாள். "அப்பா வூட்டுலயே படிக்கச் சொல்லிட்டாரு" என்றாள். போகும்போது திரிக் காதைத் திருகி என் விளக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் போனாள்.

ரேடியோவில் மாநிலச் செய்தி முடிந்து உலகச் செய்தி வந்தது. சித்தப்பா நின்ற அந்தப் பக்கத்தில் மறுபடி துப்பாக்கிச் சண்டை. போர்நிறுத்தத்தை மீறியது மற்றவரே என்று இரு தரப்பும் குற்றம் சாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அப்பா எழுந்து ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போனார்.

சித்தப்பா வேலைக்குக் கிளம்பும் முன் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா மெதுவாகக் கேட்டாள். "மொத நாளே ரெண்டு பேருகிட்டயும் சொல்லியிருக்கலாமே தம்பி. பாக்கத்தான் வர்றாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். அந்த ஊரில் போர்நிறுத்தக் கோடு என்பது வயல்களுக்கு நடுவே உழுதுவிட்ட ஒரு பள்ளம்தானாம். காலையில் அதன் ஓரமாக நடந்து, யாராவது தாண்டிய காலடி இருக்கிறதா என்று பார்த்து மேலிடத்துக்குச் சொல்வதுதான் அவர் வேலை. இந்தப் பக்கம் ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் வயதான அரபு மனிதர் ஒருவர் இருந்தார். அந்தப் பக்கத்து வயலில் டிராக்டர் ஓட்டும் யூதப் பையன் ஒருவன் இருந்தான். காலையில் இருவருமே இவருக்குக் கை தூக்குவார்கள். ஒருநாள் பள்ளத்தைத் தாண்டிப் போய்த் திரும்பிய ஒற்றைக் காலடி தெரிந்தது. அந்தப் பக்கத்தில் இடிந்து கிடந்த ஒரு கிணற்றடி வரை போய், நின்று, வெறுங்கையோடு திரும்பிய காலடி. அந்தக் கிணறு ஒரு காலத்தில் அந்தப் பெரியவருடையது. ஓர் ஆள், இங்கிருந்து அங்கே, என்று மட்டும் இவர் சொன்னார். அதைத்தான் கேட்டார்கள். அந்தச் செய்தி எப்படி, யார் காதுக்குப் போனதோ தெரியாது. அடுத்த முறை பெரியவர் கிணற்றடிக்குப் போனபோது சுட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக இந்தப் பக்கத்தில் யாரோ பள்ளத்தைத் தாண்டி வெடி புதைத்தார்கள். டிராக்டர் அதன் மேல் ஏறியது.

"ரெண்டு பேரும் எனக்குக் கை தூக்கினவங்க அண்ணி" என்றார் சித்தப்பா. "வந்தவன் பாக்க வந்தானா, எடுக்க வந்தானான்னு காலடி நமக்குச் சொல்லும். ஆனா கேக்குறவன் காதுல, வந்தான்கிறது மட்டும்தான் ஏறுது. அதுக்கப்புறம் யாரு காலடியையும் யாருகிட்டயும் சொல்றதில்லைன்னு இருக்கேன்."

அம்மா சோற்றில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். அவர் பாதியில் கை கழுவிவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை. அம்மா வழக்கம்போல டீ போட்டுக் கொடுத்தாள். தூக்குவாளியை முழுத் தூரமும் நானே சுமந்தேன். ஷெட்டில் சித்தப்பா மட்டும்தான் இருந்தார். விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பெருக்காமல், வெறும் பலகையின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் பலர் மிதித்துக் குழப்பிய பொடியின் மேல் புதிதாக ஒரு தடம் இருந்தது. தட்டியிலிருந்து வந்தது. கட்டைவிரல் விலகியது. நான் தூக்குவாளியை வைத்துவிட்டு, விளையாட்டில் செய்வதைப் போலவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது, வரும்போதும், போகும்போதும். பலகையின் முன்னால் ஒரே இடத்தில் பல தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, வெகுநேரம் கால் மாற்றி மாற்றி நின்றதைப் போல. பலகைமேல், தாய் அச்சு எப்போதும் இருக்கும் இடத்தில், ஒரு பாதியின் அளவுக்கு மட்டும் புதிய வெள்ளைத் தடம் இருந்தது.

"பெரியப்பா எதையோ தூக்கிட்டு வந்து இங்க வச்சிருக்காரு. ரொம்ப நேரம் நின்னிருக்காரு. அப்புறம் அதையே தூக்கிட்டுப் போயிட்டாரு" என்றேன்.

சித்தப்பா என் தலைமேல் கை வைத்தார். "சரியாச் சொல்லிட்ட" என்றார்.

அவர் வாயால் அந்தச் சொல்லை நான் அதுவரை வாங்கியதில்லை. கோடை முழுவதும் அக்காவுக்குத்தான் அது கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சந்தோஷம் போதுமாக இருந்தது. பெரியப்பா யாருக்காக அவ்வளவு நேரம் நின்றார் என்றோ, அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அப்பா மற்றப் பாதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் புரண்டது ஏன் என்றோ நான் யோசிக்கவில்லை. சித்தப்பாவின் கண்கள் ஏன் கலங்கியிருந்தன என்பதற்குப் பொடி பட்டிருக்கும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. தெருமுனையில் யாரிடமோ நின்று பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தினமும் செய்வதைப் போலவே தட்டியிலிருந்து பலகை வரைக்கும், பலகையிலிருந்து கதவு வரைக்கும், ஒரு விரல் தடம்கூட மிச்சமில்லாமல் பெருக்கினார்.